மரங்கொத்தி இல்லாத விளையாட்டு

போன வருசம் தீபாவளி சீசனுக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, பெரியப்பா மகன் கையில் சேவுப் பொட்டலமும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலுமாக விருதுநகரில் என் வீட்டுக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி, சிவகாசியில் ஆபீஸ் என்று இருப்புக்கொள்ளாமல் அலைகிறவர். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால்கூடக் காரை அணைக்காமல் வாசலில் நின்றே கொடுத்துவிட்டுப் போகிற ஆள். அன்றைக்கு உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, மாப்பிள்ளை மண்டிக்குப் போயிட்டாரா, பிள்ளைக நல்லா இருக்கா என்று ஒவ்வொருவராக விசாரித்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

"நல்ல சேதி தங்கச்சி. நம்ம மரங்கொத்தி ஃபாரின் போகுது" என்றார்.

மரங்கொத்தி என்பது எங்கள் குடும்பத்தின் பழைய தீப்பெட்டி மார்க். மஞ்சள் பின்னணியில் சிவப்புக் கொண்டை வைத்த பறவை. "இப்ப யாரு அண்ணே அங்கன போயி தீப்பெட்டி கேக்குறாக?" என்றேன்.

"தீப்பெட்டி இல்ல பிள்ள. அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு. சித்தப்பா பினாங்குல கேசட்டு போட்டு வித்தாரே, அது. அந்தக் காலத்துல வீட்டுல வெச்சிருந்த கம்ப்யூட்டரையெல்லாம் இப்ப இத்துனூண்டா திரும்பச் செஞ்சு விக்கிறானுகளாம். உள்ள போடுறதுக்குப் பழைய விளையாட்டாத் தேடுறானுக. நம்மளதைக் குடுப்பீகளான்னு மெயில் போட்டிருக்கானுக. வர்ற வெள்ளிக்கிழமை பேசிக் கையெழுத்துப் போட்டுர வேண்டியதுதான்."

நான் மோர்ச் செம்பைக் கீழே வைத்தேன். "அண்ணே, அதை எழுதினது நான்" என்றேன்.

"ஆமா, நீதான் லீவுல உக்காந்து தட்டிக்கிட்டு இருந்த. அதான் வந்தேன். நம்ம வீட்டுப் பிள்ள கையெழுத்து ஒண்ணு இருக்கட்டும், சாட்சிக்கு நீ போட்டுருன்னு சொல்லிட்டுப் போகத்தான்."

சாட்சிக்கு! பெற்றவளைக் கூப்பிட்டு, பிள்ளை இன்னாருடையது என்று சாட்சி சொல்லச் சொல்கிற கூத்தை எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் அண்ணன். அதுவும் எப்போதோ ஒரு தடவை நிம்மதியாக உட்கார்ந்து மோர் குடிக்கிற அண்ணன். "பாப்போம்ணே" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் கார் தெருமுனை திரும்பியதும் சேவுப் பொட்டலத்தைத் தூக்கி அலமாரியில் ஒரே போடாகப் போட்டேன்.

அந்த விளையாட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா, அப்பா, சித்தப்பா என்று மூன்று பேர். பெரியப்பா தீப்பெட்டியும் பட்டாசும் பார்த்தார். அப்பா சிவகாசியில் அச்சகம் பார்த்தார். சித்தப்பா கோபித்துக்கொண்டு பினாங்குக்குப் போய், அங்கே கேசட் கடை வைத்தார். பாட்டுக் கேசட்டோடு கம்ப்யூட்டர் கேசட்டும் விற்றார். அட்டைகளெல்லாம் எங்கள் அச்சகத்தில்தான் அடிக்க வருவார். எண்பதுகளின் கடைசியில் ஒரு தடவை வந்தபோது, அங்கே புது மாடல் வந்துவிட்டது, பழசைப் பிள்ளைகள் வைத்து விளையாடட்டும் என்று ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். பொத்தான் பலகைக்குள்ளேயே மொத்தக் கம்ப்யூட்டரும் அடங்கிவிட்டது. டிவியில் மாட்ட வேண்டும். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் கீச்சென்று காது கிழிகிற ஒரு சத்தம் வரும். அது ஓய்ந்த பிறகு திரையில் விளையாட்டு வரும்.

வீட்டில் எல்லோரும் ஒரு வாரம் விளையாடிவிட்டு, பிறகு டிவியை எங்களுக்குத் திருப்பிக் கொடு என்று சண்டைக்கு வந்தார்கள். நான் மட்டும் விடவில்லை. கல்லூரியில் கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, அந்தக் கோடை லீவில் நானே ஒரு விளையாட்டு எழுதினேன்.

என்ன விளையாட்டு என்கிறீர்கள்? எங்கள் ஊர் விளையாட்டு. தாயில்பட்டியில் பெரியப்பாவின் பழைய கம்பெனி இருந்தது. பட்டாசைத் தட்டுத் தட்டாகக் களத்தில் வெயிலில் காயப்போட்டிருப்பார்கள். மேற்கே கொஞ்சம் கறுத்தால் போதும், பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடுவார்கள். ஒரு தட்டு நனைந்தால் அத்தனை வேலையும் பாழ். என் விளையாட்டில் அதுதான். கீழே களம், நடுவில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஒரு பெண், மேலே மேகம். மழைக்கு முன்னால் எல்லாத் தட்டையும் கொட்டகைக்குள் சேர்க்க வேண்டும். இதுவரைக்கும் யாரும் எழுதிவிடலாம். நான் இன்னொன்று வைத்தேன். சில மேகம் வரும், நிற்கும், பெய்யாமல் போய்விடும். அதை நம்பி எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிட்டால் சரக்குக் காயாது, லோடு ஏற்ற லாரி வந்து வெறுமனே திரும்பும். எது பெய்யும், எது ஏமாற்றும் என்று பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அதை எழுத எனக்குப் பாதி லீவு போயிற்று. சரியாக வந்த அன்றைக்கு வீட்டுக்குள் தனியாகக் குதித்தேன்.

அடுத்த தடவை வந்த சித்தப்பா விளையாடிப் பார்த்துவிட்டு, "ஏ, இது விக்கும்!" என்றார். ஊருக்குத் திரும்ப இரண்டே நாள் இருந்தது. அதற்குள் அட்டை அடித்தாக வேண்டும். புதிதாகப் படம் வரைய நேரம் எங்கே? அச்சகத்தில் மரங்கொத்தி லேபிளின் பிளேட் தயாராக இருந்தது. "அதையே பெருசாக்கிப் போடு" என்றார் அப்பா. போட்டார்கள். பெயரும் மரங்கொத்தி என்றே ஆனது. உள்ளே மழையும் பட்டாசும், வெளியே சிவப்புக் கொண்டைப் பறவை. என் பெயரைப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். லேபிள் வரைகிற ஓவியர் பெயரையே எந்தப் பெட்டியிலும் போடாத ஊர் அது.

பிறகு நான் கல்யாணமாகி விருதுநகருக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குப் பருப்பு மண்டி. அவர் மண்டிக்கு பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்தேன். அதைப் பார்த்துப் பக்கத்து மண்டிக்காரர்கள் கேட்டார்கள். அதுவே என் தொழிலாகிவிட்டது. சித்தப்பா பினாங்கிலேயே காலமானார், கடையை மூடிவிட்டார்கள். அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கம் பாகப் பிரிவினையில் நிலம், கட்டடம், மெஷின் எல்லாம் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும். மார்க்குகளைப் பிரிக்கும்போதுதான் வீடு ரெண்டாகும். குலதெய்வம் கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். மரங்கொத்தி பெரியப்பா பங்குக்குப் போனது. அது முறைப்படி இன்றைக்கும் அண்ணன் பெயரில் பதிவில் இருக்கிறது. அந்த வெளிநாட்டுக் கம்பெனி கேசட் அட்டையில் பறவையைப் பார்த்து, அது யாருடையது என்று பதிவில் தேடி, நேரே அண்ணனுக்கு மெயில் போட்டுவிட்டது.

அன்றைக்கு அண்ணன் கிளம்பிப் போன பிறகு நான் நெட்டில் தேடிப் பார்த்தேன். பழைய விளையாட்டுகளைச் சேகரிக்கிறவர்களின் தளம் ஒன்றில் மரங்கொத்தி இருந்தது. யாரோ ஒருவர் தன்னிடமிருந்த கேசட்டிலிருந்து அதை ஏற்றியிருந்தார். எழுதியவர் யார் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று போட்டிருந்தது. தெரியவில்லையாமே! நான் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வெள்ளிக்கிழமை அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டால் நான் எழுதியது என்று வெளியே சொல்லக்கூட எனக்கு வழி இருக்காது. அண்ணன் மேல் கேசு போட வேண்டும், இல்லையென்றால் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டும். இரண்டும் என்னால் முடியாது.

தம்பிதான் இப்போது அச்சகத்தைப் பார்க்கிறான். அவனுக்கு போன் போட்டேன். "அக்கா, மார்க் அவுக பங்குக்குப் போயிருச்சு. மார்க் போனா எல்லாம் போச்சுல்ல? நீ எதுக்கு இப்ப கிளப்புற?" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. சிவகாசியில் பிறந்தவர்களுக்கு அப்படித்தான் புத்தி போகும். ஒரே களத்தில் காய்ந்த குச்சி ஒரே நாளில் நாலு பெயரில் நாலு ஊருக்குப் போகும். குச்சிக்கு ஏது பெயர்? லேபிளுக்குத்தான் பெயர், லேபிளுக்குத்தான் சண்டை. லேபிளைக் குத்தகைக்கு விட்டே சாப்பிடுகிற குடும்பங்கள் உண்டு.

மதுரையில் லேபிள் வழக்குகள் பார்க்கிற வக்கீல் ஒருவருக்கும் பேசினேன். அவரும் எடுத்த எடுப்பில், "மார்க் யார் பேர்லம்மா இருக்கு?" என்றார். நான் விளக்கினேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார். "நீங்க யாரு கம்பெனியிலயாவது சம்பளத்துக்கு இருந்து எழுதினீங்களா?"

"இல்ல சார், காலேஜ் லீவுல எழுதினேன்."

"உரிமைய யாருக்காவது எழுதிக் குடுத்தீங்களா? சித்தப்பாவுக்கு?"

"ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல."

"அப்ப மார்க் வேற, விளையாட்டு வேற. எழுதினவங்களுக்குத்தான் அது சொந்தம். எழுதிக் குடுத்தாத்தான் கை மாறும். உங்க அண்ணன்கிட்ட இருக்கறது வெறும் பறவை."

எனக்கு உச்சி குளிர்ந்தது. உடனே அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். "வக்கீல் ஆயிரம் சொல்லுவாரு தங்கச்சி. பேரு யாருதோ சரக்கு அவுகளுது. எங்க அய்யா காலத்துல இருந்து இதுதான் வழக்கம். நீ என்னத்தப் போட்டு மனசக் குழப்பிக்கிற? ஒனக்கும் பார்த்துச் செய்வேன்ல?"

பார்த்துச் செய்வாராம். போனை வைத்துவிட்டு, அன்றைக்குச் சட்டியில் இருந்த கத்தரிக்காய் வதங்கினதைவிட அதிகமாக நான் வதங்கினேன். மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேசு போடப் போறியா?" என்றார்.

"எங்க அண்ணன் மேலயா? என்ன பேச்சுப் பேசுறீக?"

"அப்ப விட்டுரு."

"விட மாட்டேன்."

"அப்ப அவருக்குப் புரியிற மாதிரி சொல்லு. நீ சட்டத்தச் சொல்ற, அவரு லேபிளச் சொல்றாரு. உங்க ஊர்க்காரவுக மேல ஒட்டினதைத்தான் பாப்பீக. எங்க மண்டியில சாக்கு மேல என்ன எழுதியிருக்குன்னு எவன் பாக்குறான்? குத்தூசிய எடுத்து மூடையில ஒரு குத்து. உள்ள இருந்து வர்ற பருப்பக் கையில கொட்டிப் பாத்துட்டுத்தானே பேச்சே? உங்க அண்ணன் அந்த மூடைய என்னைக்காவது குத்திப் பாத்திருக்காரா?"

நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். முப்பது வருசத்துக்கு மேல் அந்த மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன். அன்றைக்குத்தான் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. கரண்டியில் குழம்பு இருந்ததால் செய்யவில்லை.

வியாழக்கிழமை காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினேன். தளத்திலிருந்து விளையாட்டை இறக்கி, ஓடுகிற மாதிரி செய்து வைத்திருந்தேன். அண்ணன் ஆபீஸில் ரெண்டு போனில் மாறி மாறி ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார். மேஜை நிறைய புது லேபிள் தாள்கள் கிடந்தன. அவர் முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன்.

"என்னத்தா இது?"

"விக்கிறதுக்கு முன்னால சரக்க ஒருக்காப் பாத்துருங்கண்ணே. நாளைக்கு அவுக ஏதாச்சும் கேட்டா முழிக்கக் கூடாதுல்ல?"

அது நியாயமாகப் பட்டது அவருக்கு. கண்ணாடியை மாட்டினார். நான் பொத்தான்களைக் காட்டிக் கொடுத்தேன். களம் வந்தது. பெண் ஓடினாள். மேகம் வந்தது. அண்ணன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். தட்டெல்லாம் நனைந்து ஆட்டம் முடிந்தது.

"ஏ, நனைஞ்சு போச்சு!" என்றார். முகத்தில் அடித்த மாதிரி ஒரு பதைப்பு. "மறுபடி போடு."

மறுபடி போட்டேன். இந்தத் தடவை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு போன் அடித்தது, எடுக்கவில்லை. "எடு, எடு, அந்த ஓரத்துத் தட்ட எடு!" என்று தனக்குத்தானே சத்தம் போட்டார். வெளியிலிருந்து கணக்குப் பார்க்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த ஆட்டத்தில் ஏமாற்று மேகம் வந்து நின்றது. அண்ணன் திரையை முறைத்தார். "இது பெய்யாது. நகர்ற லட்சணத்தப் பாத்தாலே தெரியுதே. ஆனைக்குட்டம் டேம் பக்கம் இப்படித்தான் வந்து நின்னு பூச்சி காட்டும்" என்று தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மேகம் பெய்யாமல் போனது. கையைத் தட்டிச் சிரித்தார். "அடி ஆத்தி! இதையா நீ எழுதின? எங்க களத்த அப்படியே தூக்கி உள்ள வெச்சிருக்கியே!"

அது போதும் என்றிருந்தது எனக்கு. ஆனால் அண்ணன் ஆட்டத்தை விடவில்லை. இன்னும் ரெண்டு ஆட்டம் போனது. பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எல்லாம் சரி. மரங்கொத்தி எங்க?"

"எதுண்ணே?"

"மரங்கொத்தி. எந்த ஆட்டத்துல வரும்?"

"எதுலயும் வராது."

"வராதா? ஒரு மரத்துலயாவது உக்காந்திருக்காதா?"

"மரமே கிடையாதுண்ணே. களத்துல எவன் மரம் வெப்பான்?"

அண்ணன் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார், ஏதோ மூலையில் ஒளிந்திருக்கும் என்கிற மாதிரி. இத்தனை வருசமாகத் தன்னுடையது என்று வைத்திருந்த ஒரு விளையாட்டை அவர் ஒரு தடவைகூட ஆடிப் பார்த்ததில்லை. பறவை மரத்தைக் கொத்துகிற விளையாட்டு என்றே நினைத்திருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். இன்னொரு வேலை பாக்கி இருந்தது.

"அண்ணே, அந்தச் சாத்தூர்க்காரர் கதையச் சொல்லுங்களேன். கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றேன்.

இது அண்ணனின் உயிர்க்கதை. எங்கள் சாதிசனத்தில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். சாத்தூர்க்காரர் ஒருவரிடம் ஒரு மார்க்கைக் குத்தகைக்கு எடுத்து அண்ணன் தீப்பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். குத்தகை முடிந்த அன்றைக்கு அந்த ஆள் வந்து, பேர் என்னுது, குடோனில் இருக்கிற பெட்டியெல்லாம் எனக்குத்தான் என்று நின்றுவிட்டார். நான் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னதும் அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தார்.

"அவன் என்ன சொன்னான்? பேரு என்னுது, சரக்கும் என்னுதுன்னான். நான் சட்டையக்கூடப் போடல, பனியனோட குடோனுக்குள்ள போனேன். ஒரு பெட்டிய எடுத்தேன். லேபிளக் கிழிச்சேன். அவன் கையில குடுத்தேன். இந்தா, இது ஒன்னுது, கொண்டு போ. பெட்டிக்குள்ள இருக்கறது என் களத்துல நான் செஞ்சது. அத நான் எந்தப் பேருல வேணும்னாலும்..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. மேஜை மேல் கிடந்த லேபிள் தாளைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே" என்றேன். "எந்தப் பேருல வேணும்னாலும்?"

"ஏ பிள்ள!" என்று மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பஸ் ஏறி வந்து, என் கதையவே என் வாயால சொல்ல வெச்சு, என்னையவே மடக்கிட்டியா?" முகம் சிவந்து போயிருந்தது. திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். மூக்கைச் சுளித்தார், உதட்டைக் கடித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார். "எங்க அய்யா இருந்திருக்கணும்டி. உன்னையக் கூட்டிட்டுப் போயி ஊர் ஊராக் காட்டியிருப்பாரு."

"அப்ப விளையாட்டு யாருதுண்ணே?" நான் விடவில்லை. வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் எனக்கு.

"உன்னுதுதான், உன்னுதுதான். பறவைய எங்கிட்டக் குடுத்துட்டு நீ நடையக் கட்டு." பிறகு கொஞ்சம் இறங்கின குரலில், "நாளைக்கு நீயே பேசு. நான் பக்கத்துல சும்மா உக்காந்துக்கறேன். எனக்கு அந்த இங்கிலீஷ் ஓடாது" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வீட்டில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தோம், வீடியோவில் அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றிய ஒரு பெண்ணும், தாடி வைத்த ஓர் ஆளும். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் என் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அதை எழுதியவள் நான்தான் என்று சொன்னதும் அந்தப் பெண் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். அவர்கள் கூட்டத்தில் பல வருசமாக என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். எழுதியது ஓர் ஆண், மலேசியாக்காரர் என்று ஒருவர் கட்டுரையே எழுதியிருக்கிறாராம். நான் எழுதிய விதத்தைக் கேட்டார்கள். ஏமாற்று மேகத்தை எப்படிச் செய்தேன், அவ்வளவு குறைந்த இடத்துக்குள் அதை எப்படி அடக்கினேன் என்றெல்லாம் கேட்டார்கள். தாடிக்காரர் ரொம்பப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார். அந்த மரங்கொத்தி எதைக் குறிக்கிறது? காலத்தையா, உழைப்பையா? அவர்களுக்குள் அதில் பெரிய வாக்குவாதமாம்.

"பிளேட் தயாரா இருந்தது, அவ்வளவுதான்" என்றேன். அவர்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று அண்ணன் கேட்டார், சொன்னேன். அவருக்கு அதில் என்ன சிரிப்பு என்று புரியவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். விளையாட்டின் எல்லா உரிமையும், எந்தக் கருவியிலும், எந்த நாட்டிலும், என்றைக்கும் அவர்களுக்கே. என் பெயரைப் போடுவார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிசம் எங்கே கையெழுத்து என்று கேட்டிருப்பேன். என் பெயரைப் போடுகிறோம் என்றதிலேயே நான் மிதந்துகொண்டிருந்தேன்.

"என்ன சொல்றாக?" என்று அண்ணன் முழங்கையால் இடித்தார். தமிழில் சொன்னேன். அவர் பாதி எழுந்துவிட்டார்.

"என்னைக்குமா? கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? வித்துராத பிள்ள! மார்க்க வித்துட்டு முழிக்கிறவன் நம்ம ஊர்ல எம்புட்டுப் பேரு இருக்கான் தெரியுமா? குத்தகைக்கு விடு. மூணு வருசம். முடிஞ்சா உங்கிட்டத் திரும்பி வரணும். அவுக மெஷினுக்கு மட்டும்தான், வேற எதுலயும் போடக் கூடாதுன்னு சொல்லு."

நான் சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. தங்களிடம் அப்படி வழக்கம் இல்லை, எல்லாரும் முழுதாகத்தான் கொடுக்கிறார்கள் என்றாள்.

அதையும் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப சரக்கு இல்லைன்னு சொல்லு" என்றார், கையைக் கட்டிக்கொண்டு.

இத்தனை காலத்துக்குப் பிறகு ஒருத்தி தேடி வந்து கேட்கிறாள். அவளிடம் கிடையாது என்று சொல்ல வேண்டுமா? கும்பிட்டுக் கொடுத்துவிடலாம் என்று ஒரு மனசு சொன்னது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். நேற்று வரைக்கும் தன்னுடையது என்று சாதித்த மனிதர், இன்றைக்கு அது என் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்று மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. மன்னிக்க வேண்டும், அப்படியென்றால் தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசினார்கள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் யாராவது என்மேல் ஊதியிருந்தால்கூட விழுந்திருப்பேன்.

சத்தம் திரும்ப வந்தது. மூன்று வருசம். அவர்கள் கருவியில் மட்டும். முடிந்ததும் எல்லாம் என்னிடம் திரும்பிவிடும். ஒப்புக்கொள்கிறோம் என்றாள் அந்தப் பெண், அவளே கொஞ்சம் சிரித்துக்கொண்டு. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மேஜைக்கு அடியில் அண்ணன் கையைப் பிடித்து நெரித்தேன்.

தாடிக்காரர் கடைசியாக ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்றார். அவர்கள் குறிப்பில் உரிமையாளர் என்று அண்ணன் பெயர்தான் இருக்கிறது. ஆகவே அவரே தன் வாயால் சொல்லிவிட்டால் நல்லது. ஐயா, இந்த விளையாட்டின் சொந்தக்காரர் நீங்களா?

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நோ சார்" என்றார், பெரியப்பா வீட்டு முற்றமே அதிர்கிற குரலில். "பேர்டு மைன். கேம், மை சிஸ்டர். ஷீ மேட். ஷீ ஓனர்." கொஞ்சம் யோசித்தார், போதாது என்று பட்டிருக்க வேண்டும். என் தலையில் கையை வைத்தார். "ஒன்லி ஷீ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. அந்தப் பெண் பதறிப்போய், ஏதாவது பிரச்சினையா, நிபந்தனைகளை வேண்டுமானால் மாற்றலாமா என்று கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றையும் மாற்ற வேண்டாம், மூன்று வருசத்துக்கு மேல் ஒரு நாள்கூடத் தர மாட்டேன் என்று சொன்னேன்.